எல்லோருக்கும் ஒரே ஆசனமா?

நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவரை மாலையில் மீண்டும் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னால் நாரி உளைவு குறையுமா, கூடுமா? இடம்பெயர்ந்த மக்களுக்கென யோகாசன வகுப்பு வைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது எமது கருத்து. பாய்களை வரிசையாக விரித்து, பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லோரையும் ஒரே கணக்கில் வளைய வைப்பது தேகப்பயிற்சியாகலாம், நோவுள்ளவருக்கு மருந்தாகாது.

தனித்தனியே பார்த்துக் கற்பிக்கும் வழி புதியதல்ல. 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் சிறுவர்களுக்குக் கடும் ஆசனங்களைப் பழக்கியவர். 1950களில் சென்னைக்கு வந்தபின் அவரை நாடியவர்களில் நோயாளிகளும் வயதானவர்களும் இருந்தனர். அவர்களுக்கு நாடி பார்த்து, உடலுக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பயிற்சியைக் குறைத்தும் மாற்றியும் கொடுத்தார். மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரமும் அவ்வழியில் நடந்தது. மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் கதிரை, கயிறு, மரக்கட்டை என்பவற்றை உதவிக்கு வைத்தார். குருவே மாற்றிக் கொடுத்ததை மாற்றக்கூடாதென அடம்பிடிக்கும் ஆசிரியர்களைக் கண்டு சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மண்வெட்டி பிடித்து நாரி நொந்தவர் மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி மெல்ல இழுத்தாற் போதும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவரும் கர்ப்பிணியும் தலைகீழாக நிற்கவோ மூச்சை அடக்கவோ கூடாது. காலை இழந்தவர் கதிரையில் இருந்தபடியே கைகளை உயர்த்தி மூச்செடுக்கலாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. "கண்ணை மூடுங்கள், அமைதியாகுங்கள்" என்பார் ஆசிரியர். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல்லடிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குக் கண்ணை மூடினால் அந்த நாட்களே வந்து நிற்கக்கூடும். அவர் கண்ணைத் திறந்தபடி, வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். பின்னால் வந்து தோளைத் தொட்டுத் திருத்த வேண்டாம். ஏலாதென்றால் எழுந்து போகவும் விடவேண்டும்.

வகுப்புக்குப் போகும்போது நீங்களே சொல்லுங்கள்: என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே நோகிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகுமுன் பத்து நிமிடந்தான் உண்டென்றால் பத்து நிமிடத்துக்குரியதைக் கேளுங்கள். நாரி நோ காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ ஆசனத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.