வீட்டுக் கணினிக்கு ரேம் பஞ்சம்: யார் செய்த வேலை?

நூல் விலை ஏறினால் தறி நிற்கும் என்பது செல்லூர் நெசவாளிக்குத் தெரியும். பஞ்சு விளையாமல் போனால்தான் நூல் விலை ஏறும் என்பதில்லை. நூல் யார் கையில் இருக்கிறதோ, அவர் வைத்ததே விலை. இன்று அதே கதை வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கணினி ஓடுவதற்கு ரேம் என்னும் நினைவகச் சில்லு வேண்டும். மேசைக் கணினி, லேப்டாப், வீடியோ கேம் பெட்டி, கைப்பேசி எதுவானாலும் ரேம் இல்லாமல் அசையாது. 2025-ம் வருஷத்தின் கடைசி மாதங்களில் இந்தச் சில்லின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. சீட்டுப் பணத்தில் சிஸ்டம் வாங்க நினைத்த வாலிபன் கையைப் பிசைந்து நின்றான்.

ஏன் இந்த விலை? உலகில் உற்பத்தியாகும் ரேமில் மிகப் பெரும் பகுதி மூன்றே கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகியவையே அவை. செயற்கை நுண்ணறிவுக்கென்று பிரம்மாண்டமான தரவு மையங்களைக் கட்டும் பண முதலைகள் இந்தச் சரக்கை மொத்தமாக வளைக்கிறார்கள். 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ கம்பெனியின் திட்டத்துக்காக சாம்சங்கும் ஹைனிக்ஸும் கையெழுத்துப் போட்டன. மாதம் 9 லட்சம் சிலிக்கான் தகடுகள் வரை அதன் இலக்கு!

அடுத்து மைக்ரான். வீட்டு உபயோகத்துக்காக 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பர் 3-ந் தேதி அது அறிவித்தது. 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்புவோம் என்றது. பெரிய வாடிக்கைக்காரர்களைக் கவனிக்க வேண்டுமாம்!

இதே மைக்ரானுக்கு நம் நாட்டில் நடந்த உபசாரம் என்ன? குஜராத்தில் சானந்த் என்ற இடத்தில் சில்லுகளைச் சோதித்துப் பொதியும் ஆலை ஒன்று 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மொத்த மதிப்பு 275 கோடி டாலர். அதில் 50 சதவீதம் மத்திய சர்க்கார் பணம். 20 சதவீதம் குஜராத் சர்க்கார் பணம். கம்பெனி போடுவது 82.5 கோடி டாலர் வரைதான். மேலூர் விவசாயி சோப்பு வாங்கும்போது கட்டிய வரியும் அந்தப் பணத்தில் உண்டு. அவர் மகனுக்குச் சில்லு விற்க மட்டும் கம்பெனிக்கு மனமில்லை. இது என்ன நியாயம்?

சந்தை தானே விலையைத் தீர்மானிக்கிறது என்று சில பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்வார்கள். இந்தச் சந்தையின் யோக்கியதை அமெரிக்கக் கோர்ட்டிலேயே வெளிப்பட்டது. 1999 முதல் 2002 வரை ரேம் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தன. 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாம்சங் 30 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் கட்டின. மைக்ரான் விசாரணைக்கு ஒத்துழைத்துத் தண்டனையிலிருந்து தப்பியது. அதே மூவர்தான் இன்றும் களத்தில் நிற்கிறார்கள்.

"அரிசி, பருப்பு விலைக்குப் போராட வேண்டிய நேரத்தில் விளையாட்டுப் பெட்டிக்கு என்ன கவலை?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளி வர்க்கம், எட்டு மணி நேரம் தன் சொந்தப் பொழுதுக்கும் சேர்த்துத்தான் கேட்டது. விளையாட்டு பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல. உலகமெல்லாம் ஆடிய டெட்ரிஸ் விளையாட்டு 1984-ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி மையத்தில் பிறந்தது. அதை உண்டாக்கிய அலெக்ஸி பஜித்னோவ் அங்கே வேலை பார்த்தவர். பணம் கட்டி ஆடும் ரம்மிச் சூதாட்டம் வேறு, இது வேறு.

மேலும், விளையாடுவதற்காகப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பையன்தான் நாளை அதைப் பழுது பார்க்கக் கற்கிறான். அதே பெட்டியில்தான் அவன் தங்கை பாடம் படிக்கிறாள். அச்சகத் தொழிலாளி பக்கம் கட்டுகிறார்.

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கு மேற்பட்ட லேப்டாப்கள் கிடைத்தன. அவற்றில் பல இன்று பரணில் தூங்குகின்றன. கூடுதலாக ஒரு ரேம், லினக்ஸ் போன்ற ஒரு சுதந்திர மென்பொருள் இருந்தால் அவற்றில் பல மறுபடி எழுந்து நடக்கும். அண்டையிலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருஷங்களாகச் சுதந்திர மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகின்றன. நம்மால் ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவது இது. ரேம் விலை உயர்வில் கம்பெனிகளின் கூட்டு உண்டா என்று இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்த கூட்டானாலும் இங்கே பாதிப்பு இருந்தால் விசாரிக்க 2002-ம் வருஷச் சட்டம் இடம் தருகிறது. மக்கள் பணம் வாங்கும் ஆலை, உள்நாட்டுச் சில்லறைச் சந்தைக்கும் நியாய விலையில் பங்கு தர வேண்டும். சர்க்கார் வாங்கும் லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்றவைக்காமல், கழற்றி மாட்டும் வசதி இருக்க வேண்டும். பழைய லேப்டாப்களைச் சீர்செய்யும் கூடங்களை மதுரை உட்பட எல்லா மாவட்டங்களின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குகளில் எல்காட் திறக்க வேண்டும்.

நூலைப் பிடித்தவன் தறியை நிறுத்த முடியும் என்பதை மதுரை கண்டிருக்கிறது. நெசவாளிகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தால்தான் நூல் வரும் என்பதையும் இந்த ஊர் அறியும்.