நம் மண்ணையும் பூண்டையும் நாமே படித்தல்

பூதப்பாண்டியில் வயல் வரப்பின்மீது நின்று நோக்கின், தாடகை மலை தோன்றும். காலடியிலோ கரிய சேறு கிடக்கும். இம்மலைக்கும் இச்சேற்றுக்கும் உள்ள உறவு யாதென்று ஆராய்ந்தவர் நம்முள் மிகச் சிலரே. வயலின் பட்டாவையும் தீர்வையையும் நாம் நன்கறிவோம், வயலை அறிவதில்லை. இக்குறை நீங்கவேண்டுமென்பதே எம் கருத்து.

நாஞ்சில் நாட்டு மலைகள் பெரும்பாலும் சார்னகைட் என்னும் கருங்கற்பாறையாலும், செம்மணிக் கற்கள் பொதிந்த வரிப்பாறையாலும் ஆனவை. வெயிலும் மழையும் பன்னெடுங்காலம் தாக்கியதால் பாறையின் ஒரு பகுதி களிமண்ணாயிற்று. சிதையாத பகுதி மணலாய் நின்றது. அதிலிருந்த இரும்பு துருவேறி விளைகளுக்குச் செந்நிறம் தந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கப்படும் கருமணலும் செம்மணியும் இத்தகைய மலைப்பாறைகள் சிதைந்து ஆற்றுவழி வந்து சேர்ந்தவையே. வாய்க்கால் மணலில் ஒரு பிடி அள்ளி வெயிலிற் பார்ப்பவர், மலையின் சரித்திரத்தை உள்ளங்கையிற் காணலாம்.

இதனால் குடியானவனுக்குப் பயன் யாது எனின், கூறுவோம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் நம் நிலத்தைக் கழுவுகின்றன. செம்மண் விளையில் இட்ட தழைச்சத்தும் சாம்பற்சத்தும் நீரோடு எளிதில் இறங்கிப்போம். மணிச்சத்தை இரும்பு பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கு உரத்தை ஒரே தடவையிற் கொட்டுதல் வீண். பகுத்து இடுதலும் தழையுரம் சேர்த்தலுமே தக்கன. நீர் நிற்கும் வயலிலோ நிலைமை வேறு. அங்கே காற்று அற்றுப்போவதால் இரும்பு கரையும் உருக்கொள்ளும். செம்மண் நீலச்சாம்பல் நிறமடையும். அடைபட்ட மணிச்சத்து ஓரளவு விடுபடும். வடிகாலற்ற வயலில் இவ்விரும்பு மிகுந்தால் நெல்லின் இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அதனைத் தழைச்சத்துக் குறைவென்று எண்ணி யூரியா இடுபவர் பணத்தை இழப்பர், வேண்டுவது வடிகால். வடிநீரின்மேல் எண்ணெய்போற் படலம் மிதப்பின் அதனைக் கோலால் கலைத்துப் பார்க்க. துண்டு துண்டாய் உடைந்து நின்றால் அது பெரும்பாலும் இரும்பு. மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய்.

தானே முளைக்கும் பூண்டுகளும் நமக்கு ஆசிரியரே. சத்துக் குறைந்த வறண்ட நிலத்திலும் கொழிஞ்சி தழைக்கிறது; அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. வயலிற் கோரை இனங்கள் பெருகினால் நீர் தேங்குவதை ஐயுறவேண்டும். உமரி கண்ட இடத்தில் உவர் உண்டு. குளத்தை வெங்காயத்தாமரை மூடினால், சாக்கடை நீரோ வயலிலிருந்து வழிந்த உரமோ அதிற் கலந்திருத்தல் கூடும். எனினும் ஒரு பூண்டின் சாட்சியை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பலவற்றை ஒருங்கு நோக்கவேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று செடிகொடிகளின் பெயரால் நிலத்தை வகுத்த நம் முன்னோர்க்கு இப்பார்வை புதிதன்று.

“எம் பாட்டனார் இவற்றையெல்லாம் படித்தா விளைவித்தார்?” என்பர் சிலர். பாட்டனார் ஏட்டில் படித்திலர், கண்ணாற் படித்தார். அவர் அறிவு எழுதப்படாமையால் அவரோடு மறைகின்றது. மலையாளக் கரையில் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் கூறிய மூலிகைச் செய்திகள், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்னும் 12 தொகுதி நூலிற் சேர்ந்தமையால் இன்றும் நிலைபெற்றுள்ளன. எழுதியது நின்றது, எழுதாதது அழிந்தது.

ஆதலின், கன்னிப்பூ அறுவடையானதும் ஒவ்வொருவரும் தம் வயலின் மண்ணைச் சோதிப்பாராக. வரப்பையும் மரநிழலையும் எருக்குவியலையும் விலக்கி, 10 அல்லது 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோவைச் சோதனைச் சாலைக்கு அனுப்பலாம். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதற்கென்றே ஏற்பட்டது. அட்டை பெறுவதோடு நில்லாது, அதனைப் படித்தறிதல் வேண்டும். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு குழி தோண்டி மண்ணடுக்குகளை வரையவும், பூண்டுகளின் ஊர்ப்பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதவும் ஆசிரியர் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை; ஒரு மண்வெட்டியும் ஒரு குறிப்பேடும் போதும்.

கிராம உத்தியோகஸ்தர்க்கு ஒரு விண்ணப்பம். நஞ்சை வீட்டுமனையாக மாறுவதை நாஞ்சில் நாடு எங்கும் காண்கிறோம். தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்ததால் வயலின் அடியில் இறுகிய ஒரு படலம் அமைந்துள்ளது. நீரைத் தாங்கி நிற்பது அதுவே. மலையடிவாரத்துச் செம்மண்ணைக் கொணர்ந்து அவ்வயலை மேடாக்கினால், ஒரே செயலில் இரு நிலங்கள் கெடும். அவ்வயலை மீட்டல் எளிதன்று. கணக்கில் ‘நஞ்சை’ என்னும் சொல் ‘மனை’ என்று மாற ஒரு கையெழுத்துப் போதும். அதனை இடுமுன், அதிகாரி ஒருமுறை வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பாராக. தன் மண்ணை அறிந்தவன் அதனை எளிதில் விலைகூறான்; அறியாதவனோ, எத்துணை விலை பெறினும் நஷ்டத்திற்கே விற்றவன் ஆவான்.