சட்டம் படிக்க எந்த குரூப்?

ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் டூவில் இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் பொதுப் பிரிவினரிடம் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 40 விழுக்காடும் குறைந்தபட்ச மதிப்பெண்ணாகக் கேட்கின்றன. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. திருப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கம் என்றால் கோவை அரசு சட்டக் கல்லூரி. அங்கே இடம் கிடைக்க நல்ல மதிப்பெண் வேண்டும். ஆகவே, "எதற்கும் இருக்கட்டும்" என்று பர்ஸ்ட் குரூப்பில் சேர்த்து, இயற்பியலிலும் கணிதத்திலும் மதிப்பெண்ணை இழக்கவைப்பது சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது.

திருப்பூரில் காமர்ஸ் குரூப்புக்குத் தனி நியாயம் உண்டு. நிட்டிங், டையிங், பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஒரு பனியன் பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது; ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு பில்லும் கடன் தவணையும் இருக்கும். ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர் வாங்கிய செக், கணக்கில் பணமில்லை என்று வங்கிச் சீட்டுடன் திரும்பி வந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வேலை செய்யத் தொடங்கும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம்; கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். அங்கே எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது, "அது செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக், பாக்கி எதுவும் இல்லை" என்பதுதான். அதற்குப் பதில் டெலிவரி சலானிலும் லெட்ஜரிலும் இருக்கிறது. கணக்குப்பதிவியல் படித்த வக்கீலுக்கு அதைப் படித்துக்காட்ட ஆடிட்டர் தேவையில்லை.

சட்டத்துக்கு மிக நெருக்கமானது வரலாற்று குரூப்தான். அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள், நீதிமன்ற அமைப்பு ஆகியவற்றை அரசியல் அறிவியல் பாடம் பள்ளியிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறது. ஆனால் தனியார் பள்ளிகள் பலவற்றில் இந்த குரூப்பே இல்லை; இருக்கும் இடத்திலும் 'மார்க் குறைந்தவர்களுக்கு' என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஒதுக்கலுக்கு எந்த அடிப்படையும் கிடையாது.

அறிவியல் படித்தவர்களுக்கும் இந்த ஊரிலேயே சான்று உண்டு. சாயக் கழிவால் பாழான நொய்யல் பாசனத்துக்காக ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய வழக்கில், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாய ஆலை உரிமையாளர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் மையத்தில் இருந்தது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ். ஆய்வக அறிக்கை புரியாதவர் அப்படி ஒரு வழக்கில் வாதாட முடியாது. வேதியியல் பிடித்த பிள்ளை அதை விடத் தேவையில்லை. பிடிக்காத பிள்ளை அதற்காக எடுக்கவும் தேவையில்லை.

எந்த குரூப் எடுத்தாலும் மொழிப் பாடம் இரண்டையும் 'பாஸானால் போதும்' என்று விடக்கூடாது. திருப்பூர் நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது தமிழில்; உயர் நீதிமன்றத்தில் நடப்பதும் தீர்ப்பாவதும் ஆங்கிலத்தில். தொழிலாளி சொன்னதைப் பிசகாமல் எழுதத் தெரிந்த வக்கீல்கள் அதிகம் பேர் இல்லை.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்ட வாதம், தர்க்கம், அடிப்படைக் கணக்கு ஆகியவைதான் பகுதிகள். கணக்கு பத்தாம் வகுப்பு அளவைத் தாண்டாது. ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கும் பழக்கம்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே நடக்கிறது. பிளஸ் டூ பொதுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆண்டு போய்விடும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் பொருந்தும். பனியன் கம்பெனித் தொழிலாளர் வீடுகளில் இது பலருக்கு இன்னும் தெரியாது. பிளஸ் ஒன்னில் ஆங்கில மீடியம் வேண்டும் என்று பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். டிசி வாங்கும் முன் பெற்றோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.