ரம்மின் ருசியும் கரும்பு வயலும்

1944-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் ஜமைக்கா ரம்மைக் கொண்டு 'மாய் தாய்' என்ற கலவை பானத்தை உருவாக்கியதாக விக்டர் பெர்ஜெரன் கூறினார். பசிபிக் தீவு அலங்காரம் கொண்ட 'டிக்கி' மதுக்கூடங்களில் அது பரவியது. புகழ் கலந்தவருக்கே போயிற்று. கரும்பு பயிரிட்டவரை யாரும் விசாரிக்கவில்லை.

பெரும்பாலான ரம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்படுகிறது. அதில் வயலின் அடையாளம் மறைந்துவிடும். கரீபியன் கடலிலுள்ள மார்டினிக் தீவிலோ புதிய கரும்புச் சாற்றையே புளிக்க வைத்து வடிக்கிறார்கள். அந்த ரம்முக்குப் பிரெஞ்சு அரசு 1996-இல் இடப்பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. கரும்பு விளையும் பகுதி, அறுவடைக் காலம், சாற்றின் இனிப்பளவு அனைத்துக்கும் விதி உண்டு.

இதுவே சரியான வழி. ஊர்ப் பெயரும் தரக் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் விவசாயிக்கும் பேரம் பேச வலு கிடைக்கும். எந்தப் பயிருக்கும் இது பொருந்தும்.