நீட் எழுதும் மகளுக்கு மாற்றுக் கல்லூரி எது?

‘மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதியிருக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்று அடுத்த மாதம் நீட் எழுதப் போகிறாள். கிடைக்காவிட்டால் எங்கே சேர்ப்பது? முடிவு வரும்வரை காத்திருக்கலாமா? ஒரு வருடம் கோச்சிங் அனுப்ப, இருக்கும் இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரை விற்கலாமா என்றுகூட வீட்டில் பேச்சு ஓடுகிறது.’
- வந்தவாசி பகுதி வாசகர்

காத்திருக்கக் கூடாது. நீட் முடிவு ஜூனில் வருகிறது. எம்.பி.பி.எஸ் கலந்தாய்வு தொடங்க அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஆகிறது. மற்ற படிப்புகளுக்கான விண்ணப்பமோ பிளஸ் டூ முடிவை ஒட்டியே திறந்து, பல சமயம் நீட் முடிவு வருகிற நேரத்தில் மூடிவிடுகிறது. ஏரி நிரம்பிய பிறகுதான் விதைநெல் தேடுவது என்று எந்த விவசாயியும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம் எல்லாவற்றுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. நீட் மதிப்பெண் தேவையில்லை. இது பல வீடுகளில் தெரிவதில்லை. நீட், நீட் என்று பொதுத்தேர்வைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு நீட் தகுதி வேண்டும் என்பதால், அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

டாக்டர் கனவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது கால்நடை மருத்துவம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். உயிரியல் மதிப்பெண்ணை அப்படியே எடுத்து, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி சேர்த்து 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். உயிரியல் 96, இயற்பியல் 88, வேதியியல் 92 என்றால் 96 + 44 + 46 = 186. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட இடங்களில் அரசுக் கல்லூரிகள் உண்டு. இடம் குறைவு, போட்டி கடுமை. அதனால் இதோடு நிற்காமல் வேளாண்மை, நர்சிங்குக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது நல்லது.

ஆனால் எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால் மகளிடமே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எம்.பி.பி.எஸ் கிடைக்கவே இல்லை என்றால், இந்த வேலையை முப்பது வருடம் செய்வாளா? நடுராத்திரியில் கன்று குறுக்கே சிக்கிய மாட்டுக்குப் பக்கத்தில் நிற்க மனசு வருமா? நோயாளியோடு இருக்கத்தான் ஆசை என்றால் அவளுக்கு நர்சிங்கோ பிசியோதெரபியோதான் பொருந்தும். விவசாயி வீட்டுப் பிள்ளை என்பதற்காக அவளை வேளாண்மைக்குள் தள்ள வேண்டியதில்லை. ‘நாங்கள் பட்ட பாடு போதும்’ என்று அதைத் தட்டிக்கழிக்கவும் வேண்டியதில்லை. வேளாண்மை அலுவலர், வங்கி வேளாண் அதிகாரி வேலைகளுக்கு வழி அந்தப் படிப்புதான்.

பணத்தைப் பொறுத்தவரை இந்தக் குடும்பத்துக்குக் கையில் ஒரு பிடி இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் இருக்கும் 7.5 சதவிகித ஒதுக்கீடு, 2021 முதல் வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளத்துக்கும் வந்துவிட்டது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. தனியார் கல்லூரி என்று வந்தால், நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில், வேளாண்மைக்கு ஐ.சி.ஏ.ஆர் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம்.

நிலத்தை விற்பதற்கு இப்போது அவசரமே இல்லை. நீட்டுக்கு உச்ச வயது வரம்போ, இத்தனை முறைதான் என்ற கணக்கோ கிடையாது. கல்லூரியில் சேர்ந்துவிட்டு அடுத்த மே மாதம் மறுபடி எழுதலாம். ஒரு சிக்கல் உண்டு. வேளாண்மை, கால்நடை மருத்துவத்தில் செய்முறை வகுப்பும் வருகைப் பதிவும் ஆளை விடாது. கூடவே நீட்டுக்குப் படிப்பது சிரமம். திரும்ப எழுதியே தீருவது என்று மகள் உறுதியாக இருந்தால், பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல் சேர்ந்து, வீட்டிலிருந்தே படிப்பது செலவும் குறைவு, நேரமும் கிடைக்கும். எங்கே சேர்ந்தாலும், பாதியில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும், அசல் சான்றிதழ் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடலாம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் அங்கே வரிசை தெருவரைக்கும் நிற்கும்.