திறவாத சிப்பியும் நம் தீர்மானங்களும்

திருச்செந்தூர்க் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் தெரிவது மன்னார் வளைகுடா. கொற்கையும் காயலும் தூத்துக்குடியும் புகழ்பெற்றது இக்கடலின் முத்தால் அன்றோ! அம்முத்து வணிகத்தில் ஒரு விந்தை உண்டு. சலாபத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளிருப்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். பெரும்பாலான சிப்பிகளில் விலைபெறும் முத்து இராது. ஆயினும் ஒருவருக்கு ஆணிமுத்து வாய்த்தால் அச்செய்தி ஊரெங்கும் பரவும். வெறுஞ்சிப்பியோடு வீடு திரும்பியவர் கதையை யார் சொல்வார்?

காதில் விழுந்ததையே கணக்கு என்று கொள்வது மனத்தின் இயல்பு. இத்தகைய பிறழ்வுகளைக் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1970களில் ஆராய்ந்து காட்டினர். கானமனுக்கு 2002இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இதற்கான மருந்தை நம் கடற்கரை முன்னமே கண்டிருந்தது. சலாபம் அறிவிக்குமுன் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகள் அனைத்தையும் மதிப்பிட்டனர். நல்லதும் பொல்லதும் சேர்ந்த மதிப்பு அது, வதந்தி அன்று.

இவ்வளவு இருந்தும் படித்தவர்களே வழுக்கி விழுந்தனர். எதிர்க்கரையாகிய இலங்கையில் 1903 முதல் சலாபம் அமோகமாக நடந்தது. 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. உடனே ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று 1906இல் அப்பார்களை 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய் வீதம் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் 1925 வரை அங்கே சலாபமே இல்லை! கம்பெனி சில ஆண்டுகளிலேயே கலைந்தது. இது விதியின் சதி அன்று. 1768க்குப் பின் 1796 வரையும், 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் அங்கே சலாபம் நடக்கவில்லை என்பது ஏடுகளில் இருந்த செய்தியே. மூன்று நல்ல ஆண்டுகள் நூறாண்டுக் கணக்கை மறைத்துவிட்டன. நம் தூத்துக்குடியிலும் 1961க்குப் பின் சலாபம் இல்லை.

இன்று நாம் என்ன செய்கிறோம்? அண்டை வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்து அயல்நாட்டில் பொருளீட்டினால் நம் பிள்ளையையும் அதிலேயே சேர்க்கிறோம். முதல் மாதம் வட்டி ஒழுங்காக வந்தது என்பதற்காக நிதி நிறுவனத்தில் மகளின் திருமணப் பணத்தைப் போடுகிறோம். நாம் முடிவு செய்துவிட்ட பின்னர், அதை ஆமோதிப்பவரையே தேடிச் சென்று ஆலோசனை கேட்கிறோம். அதற்குப் பெயர் ஆலோசனையாம்! மாறுபட்ட கருத்துடைய ஒருவரிடம், ‘இது தோற்றால் எதனால் தோற்கும்?’ என்று முதலில் கேட்பதில் என்ன இழப்பு? எதிர்பார்ப்பதைத் தேதியிட்டு எழுதி வைத்து, ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்னும் வீண்பெருமையும் குறையும்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. மலர்கள்தோறும் தரவரிசை பெற்றோர், உயர்பதவி அடைந்தோர் படங்களையே அச்சிடுகிறோம். ஒரு துறையில் ஓராண்டு சேர்ந்த மாணவர் அனைவரும் பத்தாண்டு கழித்து என்ன ஆயினர் என்னும் பட்டியலைப் பெயரின்றித் தொகுத்து, சேர்க்கை நாளில் பெற்றோர் கையில் கொடுக்கலாம். படிப்பை இடையில் விட்டவரும் வேலை கிடைக்காதவரும் அதில் இடம்பெற வேண்டும். பேராசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியவர்களும் இதற்கு இசைவார்களாயின், எங்கள் துறையிலிருந்தே தொடங்க நாங்கள் ஆயத்தமாய் இருக்கிறோம்.