பஞ்சு பறக்கிற நகரம்

ஏப்ரலில் பீஜிங் முழுக்கப் பஞ்சு பறக்கத் தொடங்கிவிடும். மே மாதத்திலும் விடாது. முதல் வருசம் நாங்களும் "பனி மாதிரி இருக்கு" என்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பின ஆக்கள்தான். "இலவங்காய் வெடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு" என்று எங்களில் ஒருத்தியின்ட அம்மா பதில் போட்டா. அடுத்த வருசம் ஒருத்தரும் படம் எடுக்கேல்லை. கண் கடி, தும்மல், முட்டு இருக்கிறவளுக்கு இரவில் நித்திரையும் இல்லை.

பறக்கிறது பூவுமில்லை, மகரந்தமுமில்லை. பொப்லர், வில்லோ மரங்களின் விதையோடு ஒட்டியிருக்கிற மெல்லிய மயிர். பெண் மரங்களில்தான் வரும். 1960கள், 70களில் மணற்காற்றை மறிக்கவும் கெதியில் நிழல் தரவும் என்று நட்டுத் தள்ளிய மரங்கள் இவை. மலிவு, வேகமாக வளரும். கன்றாக இருக்கும்போது ஆண் பெண் பிரித்தறிவது லேசில்லை, நட்டவர்களுக்கு அதில் அக்கறையும் இருக்கவில்லை போல.

"பஞ்சு எனக்கு அலர்ஜி" என்று எல்லாரும் சொல்லுறம். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் மகரந்தம். சைப்ரஸ் மரங்கள் மார்ச்சிலேயே அதைக் கொட்டத் தொடங்கிவிடும். பஞ்சு தானாகவும் மூக்கை உறுத்தும், போற வழியில் தூசையும் மகரந்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். ஆகவே பஞ்சைக் கண்ட பிறகு மாஸ்க் தேடுறது பிந்தின வேலை.

அப்ப மரங்களைத் தறிச்சால் என்ன? நாங்கள் அதுக்கு ஒத்துக்கொள்ளமாட்டம். யூனில் வெயில் 40 பாகையைத் தொடுகிற ஊர் இது. அரை நூற்றாண்டு நிழலைக் கன்றுகள் நாளைக்கே தராது. நகர நிர்வாகம் அடிமரத்தில் ஊசி போட்டு அடுத்த வருசப் பூ மொட்டைக் குறைக்குது, ஆண் கிளைகளை ஒட்டிப் பார்க்குது, தண்ணி அடிக்குது. ஊசியை வருசா வருசம் போடவேணும். மெதுவான வேலைதான், ஆனால் சரியான வேலை.

எங்களுக்குக் கோபம் வருகிறது அறிவுரையில்தான். காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 4 மணி வரை வெளியே போகாதீர்கள், யன்னலைச் சாத்துங்கள் என்கிறார்கள். ஆருக்குச் சொல்லுகினம்? தெருக் கூட்டுற அம்மா எந்த யன்னலைச் சாத்துறது? காய்ந்த பஞ்சைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் அது திரும்ப எழும்பி அவவின்ட முகத்துக்குத்தான் வரும். தண்ணி பவுசர் முதலில் போய், அவ பிறகு கூட்டட்டும். பஞ்சு நனைஞ்சிருந்தால் ஒரு சிகரட் துண்டில் பற்றி, நிற்பாட்டியிருக்கிற கார்வரைக்கும் ஓடுகிற நெருப்பும் இல்லை.

அறைக்குள் நாங்கள் செய்வது பெரிசா ஒன்றுமில்லை. யன்னல் வலையில் ஈரத்துணி, கூட்டாமல் துடைக்கிறது, வெளியால வந்த உடன முகம் கழுவி உடுப்பு மாத்துறது.

போன மாதம் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த பெடியனின் புருவம் முழுக்கப் பஞ்சு. கண் சிவந்து தண்ணி ஓடுது, சிரிச்சுக்கொண்டே பையைத் தந்தார். இனி ஐந்து மணிக்குப் பிறகுதான் ஓடர் பண்ணுறது என்று அண்டைக்கே முடிவெடுத்தம். "ஓடர் குறைஞ்சால் அவருக்குக் காசும் குறையுமெல்லோ" என்று ஒருத்தி கேட்டாள். அதோட அந்த முடிவும் குழம்பிப்போச்சு. இப்ப பை வாங்கேக்க ஒரு போத்தல் தண்ணி குடுக்கிறம். அவர் அதில் பாதியைக் குடிச்சு, மிச்சத்தில் கண்ணைக் கழுவுறார்.